சிலிண்டர் ராடில் கீறல் விழுந்தால்: நிரப்புவதா, குரோம் ஏற்றுவதா, புது ராடு போடுவதா?

கல்குவாரியில் ஓடும் உங்கள் பொக்லைன் இயந்திரத்தின் பின்கைச் சிலிண்டரில் (எண்ணெய் அழுத்தத்தால் கையை நீட்டி மடக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்), 60 மி.மீ. விட்டமுள்ள ராடின் மேல் ஒரு சொட்டையும், நீளவாக்கில் இரண்டு கோடுகளும் விழுந்திருக்கின்றன. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை சீல் கிட் (எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையங்களின் தொகுப்பு) மாற்றியும் ஒழுகல் நிற்கவில்லை. வெல்டிங் வைத்து எமரித் தாளால் தேய்த்தால் போதும் என்கிறார் மெக்கானிக். குரோம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள் பட்டறையில். புது ராடே வாங்கிவிடுங்கள் என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். இந்த மூன்றில் எது குறைந்த செலவில் நிலைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் உள்ளே இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. புது சீல் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? இந்த ராடைக் காப்பாற்றுவதில் பொருள் இருக்கிறதா? முதல் கேள்விக்கு விடை காணாமல் மூன்றில் எதைச் செய்தாலும் சிலிண்டரை மறுபடியும் இறக்க வேண்டியிருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லேத்தில் தொழில் பழகி, பிறகு மண் அள்ளும் இயந்திரங்களின் சிலிண்டர் வேலைக்கு வந்தவன் நான். பொக்லைன், எக்ஸ்கவேட்டர், டிப்பர் லாரி, போர்வெல் வண்டி ஆகியவற்றின் சிலிண்டர்கள்தான் என் அனுபவத்தின் எல்லை. நீங்கள் போட்ட படத்தைப் பார்த்துச் சில விஷயங்களைச் சொல்லலாம். ராடு நேராக இருக்கிறதா, அதை வழிநடத்தும் புஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் கையில் எடுத்து அளந்தவரே சொல்ல முடியும்.

நல்ல ராடு ஒன்றைக் குறுக்கே அறுத்தால் மூன்று அடுக்குகள் இருக்கும். நடுவில் ஏறத்தாழ 0.4 சதவீதம் கார்பன் கொண்ட எஃகு. சந்தையில் இஎன்8, சி45 என்று கேட்டால் கிடைப்பது இதுதான். பளு கூடிய இடங்களில் இஎன்19 போடுவார்கள். அந்த எஃகின் மேல்தோலை மின்தூண்டல் முறையில் சிவக்கச் சூடாக்கி உடனே குளிர்வித்துக் கடினமாக்கியிருப்பார்கள். இந்தக் கடினத் தோல் பொதுவாக ஒன்றரை முதல் மூன்று மி.மீ. ஆழம் வரை போகும். அதற்கும் மேலேதான் பளபளக்கும் ஹார்டு குரோம். அதன் தடிமன் பெரும்பாலும் 20 முதல் 30 மைக்ரான், அதாவது நாம் அச்செடுக்கும் தாளின் தடிமனில் ஏறக்குறைய கால் பங்கு. குரோம் மிகக் கடினமானது, கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் 850 முதல் 1000 வரை வரும். ஆனாலும் கல் வந்து அடிக்கும்போது அடியைத் தாங்குவது கீழே இருக்கும் எஃகுதான். கீழே கடினப்படுத்தாத எஃகு இருந்தால் அது உள்வாங்கிவிடும். குரோமுக்கு வளையத் தெரியாது; விரிசல் விட்டு உதிரும். விலை மலிவாகக் கிடைக்கும் ராடுகளில் பல, மேல்தோலைக் கடினப்படுத்தாமல் நேராகக் குரோம் ஏற்றியவை. குவாரி வேலையில் அவை சீக்கிரம் சொட்டை வாங்குவதற்கு முக்கியக் காரணம் இது.

இந்த ராடு கிளாண்டுக்குள் (சிலிண்டரின் வாயை மூடும் தலைப்பாகம்) நுழையும் இடத்தில் முதலில் வைப்பர் சீல் மண்ணையும் தூசியையும் வழித்துத் தள்ளுகிறது. அடுத்து ராடு சீல் எண்ணெயைத் தடுக்கிறது. அதற்கும் உள்ளே புஷ் அல்லது வியர் ரிங் ராடை நடுவில் பிடித்து வழிநடத்துகிறது. இந்த வகை இயந்திரங்களில் அழுத்தம் 250 பார் அளவுக்குப் போகும், 100 மி.மீ. உள்விட்டச் சிலிண்டர் என்றால் பிஸ்டனின் மேல் ஏறத்தாழ 20 டன் விசை. அவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் வெளியேறாமல் தடுத்து நிற்பது பாலியூரித்தேன் சீலின் மெல்லிய உதடு. ராடின் மேல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால், ராடு போய்வரும் ஒவ்வொரு தடவையும் அது உதட்டைக் கீறும். கீறலின் திசையும் முக்கியம். சுற்றுவாக்கில் விழுந்த கீறல் கொஞ்சம் எண்ணெயைத் தூக்கி வரும், உதட்டையும் தேய்க்கும், ஆனால் வழி திறந்துவிடாது. நீளவாக்கில் விழுந்த கோடு உதட்டின் அடியில் நேர்ப்பாதை போட்டுக் கொடுத்துவிடும். உங்கள் படத்தில் சொட்டையைவிட எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு கோடுகள்தான்.

ராடின் காயத்தைப் பார்த்தே காரணத்தைப் பாதி சொல்லிவிடலாம். தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு டியூப் லைட்டின் வெளிச்சம் ராடின் மேல் நீளவாக்கில் விழும்படி நின்று, தலையை மெல்ல அசைத்துப் பாருங்கள். நல்ல பரப்பில் அந்த வெளிச்சக் கோடு நேராக ஓடும். சொட்டை இருக்கும் இடத்தில் அது நெளியும், குரோம் தேய்ந்த இடத்தில் மங்கும். பிறகு கட்டைவிரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுங்கள். நகம் தடுக்கினால் சீலும் தடுக்கும். நகத்துக்குத் தெரியாத பிசிறைப் பஞ்சு காட்டிக் கொடுக்கும்: சிறிதளவு பஞ்சை எடுத்து ராடின் மேல் தேய்த்து ஓட்டினால், பிசிறு உள்ள இடத்தில் இழை மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடங்களை மார்க்கரால் வட்டமிட்டு, ராடின் கண்ணிலிருந்து (பின் மாட்டும் துளையுள்ள முனை) எத்தனை செ.மீ. தூரம் என்று எழுதி வையுங்கள். கண்ணை ஒட்டி, கிளாண்டுக்குள் ஒருபோதும் நுழையாத பகுதியில் இருக்கும் சொட்டையால் கசிவு வராது. அதைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தனியாக ஒரு சொட்டை, ஓரம் தூக்கியிருக்கிறது என்றால் கல் அடித்தது. பின்கைச் சிலிண்டர் மேலாகப் படுத்திருப்பதால் பக்கெட்டிலிருந்து சரியும் கல் அதன் மேல்தான் விழும். கருமையான சின்னஞ்சிறு குழிகள் கூட்டமாக, ராடின் ஒரு பகுதியில் மட்டும் இருந்தால் துரு. ஹார்டு குரோமில் இயல்பிலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. இயந்திரம் மழையில் பல வாரம் நின்றால் ஈரம் அவற்றின் வழியே எஃகை எட்டி அடியிலிருந்தே அரிக்கும். குரோம் மேலே பளபளவென்று இருக்கும்போதே கீழே துரு பரவியிருக்கும். நீளக் கோடுகள் சுற்றிலும் பரவலாக இருந்தால், வைப்பர் கெட்டு மண் உள்ளே போயிருக்கிறது, அல்லது எண்ணெயிலேயே உலோகத் துகள் ஓடுகிறது. நீளக் கோடுகள் ஒரே பக்கமாக இருந்தால், ராடு வளைந்திருக்கிறது, அல்லது புஷ் ஒருபக்கம் தேய்ந்து ராடு கிளாண்டின் உலோகத்திலேயே உரசுகிறது. மிளகளவில் உருகிய தழும்பு இருந்தால், இயந்திரத்தில் எங்கோ வெல்டிங் செய்தபோது எர்த் கிளாம்பைத் தவறான இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். மின்சாரம் ராடின் வழியே பாய்ந்து பொறி தட்டியிருக்கிறது.

உங்கள் படத்தில் இரண்டு கோடுகளும் அருகருகே ஒரே பக்கத்தில் இருக்கின்றன. படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் என் சந்தேகம் முதலில் புஷ்ஷின் மேலும், அடுத்து ராடின் வளைவின் மேலும் போகிறது. சொட்டையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அதனால் பழியெல்லாம் அதன் மேல் விழுந்துவிட்டது. கிட் மாற்றியவர் புஷ்ஷையும் அளந்தாரா, பழைய வியர் ரிங்கை எடுத்துவிட்டுப் புதியது போட்டாரா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் சீலை மட்டும் மாற்றிவிட்டு அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ராடு நடுவில் நிற்காவிட்டால் எவ்வளவு நல்ல சீலாக இருந்தாலும் ஒருபக்கம் நசுங்கி மறுபக்கம் இடைவெளி விடும். கூடவே ஒன்று: கிளாண்டின் வாயில் எண்ணெய் வெளியே ஒழுகுவது ராடு சீலின் குறை. கை தானாக இறங்குகிறது என்றால் பிஸ்டன் சீலையோ கட்டுப்பாட்டு வால்வையோ பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நோயாக எண்ணிப் பணம் செலவழிப்பவர்கள் நிறையப் பேர்.

சிலிண்டரைத் தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கையையும் பக்கெட்டையும் தரையில் முழுக்க இறக்கி, எஞ்சினை நிறுத்தி, எல்லா நெம்புகோல்களையும் இருபுறமும் பலமுறை அசைத்து, டேங்க் மூடியை மெல்லத் திறந்து அழுத்தத்தை விட்டபிறகே ஹோஸைக் கழற்ற வேண்டும். ஒழுகும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஊசித்துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். பிஸ்டனை வெளியே தள்ளக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுப்பதையும் அனுமதிக்காதீர்கள். கிளாண்டும் ராடும் துப்பாக்கிக் குண்டுபோலப் பாய்ந்துவிடும். போர்ட்டுகளை அடைத்த நிலையில் சிலிண்டரின் மேல் கேஸ் கட்டிங்கோ வெல்டிங்கோ வைத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் விரிந்து வெடிக்கும்.

ராடைக் கழற்றியதும் முதல் வேலை அது நேராக இருக்கிறதா என்று சோதிப்பது. இரண்டு வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்குகட்டை) கிடத்தி, நடுவில் டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்து ராடை மெல்ல ஒரு முழுச் சுற்று உருட்ட வேண்டும். முள் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான வளைவு. முழு ஆட்டத்தையும் வளைவாகச் சொல்லி ராடைக் கழித்துவிடுபவர்களும் உண்டு. புது ராடு மீட்டருக்கு 0.2, 0.3 மி.மீ.க்குள் நேராக இருக்கும். ஓடிய ராடில் மீட்டருக்கு அரை மி.மீ. வரை நான் விட்டுவிடுவேன், அதைத் தாண்டினால் நேராக்கியாக வேண்டும். பிரஸ்ஸில் வைத்துக் குளிர்ந்த நிலையிலேயே நேராக்கலாம். கேஸ் டார்ச் வைத்துச் சூடேற்றி நேராக்குகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடு பட்ட இடத்தில் கடினத் தோல் மென்மையாகிவிடும், அடுத்த பளுவில் அதே இடத்தில் மடங்கும். குளிர்ந்த நிலையில் நேராக்கியதும் ஊடுருவும் சாயம் தடவிக் கடினத் தோலில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் இல்லாவிட்டாலும், நன்றாக வளைந்து நேரான ராடு எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது. கண்ணால் பார்த்தாலே தெரியும் அளவுக்கு வளைந்த ராடை நான் கழித்துவிடச் சொல்வேன்.

ராடு நேராக இருந்து, சொட்டை சிறியதாக, நகம் லேசாகத் தடுக்கும் அளவில் இருந்தால் குரோம் பட்டறைக்கே போக வேண்டியதில்லை. மெல்லிய ஆயில் ஸ்டோனை எண்ணெயில் நனைத்து, தூக்கிய ஓரத்தை மட்டும் ராடின் பரப்போடு சமமாகும் வரை தேய்த்து எடுக்க வேண்டும். பள்ளத்தை மூட முயலக் கூடாது. பள்ளம் இருக்கட்டும், பிசிறு போனால் போதும். பிறகு 400, அதன்பின் 600 எண் எமரியால் சுற்றுவாக்கில், சற்றே சாய்த்து மெருகேற்றுங்கள். நீளவாக்கில் தேய்ப்பது தவறு, அது நாமே புதுக் கோடுகளைப் போட்டுக் கொடுப்பதாகும். கிளாண்டைக் கழற்றாமல் இயந்திரத்திலேயே செய்தால், கிளாண்டின் வாயை ஈரத்துணியால் சுற்றிக் கட்டுங்கள். கல்லின் தூள் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் வைப்பரில் ஒட்டிக்கொண்டு ராடை அரைத்துக்கொண்டே இருக்கும். இந்த எளிய வேலையை அடிபட்ட அன்றே செய்தால் சீல் பிழைக்கும். ஒரு வாரம் கழித்துச் செய்தால் சீலும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பள்ளம் ஆழமாக இருந்தால் நிரப்ப வேண்டும், இங்கேதான் உங்கள் மெக்கானிக் சொல்லும் யோசனை வருகிறது. சாதாரண ஆர்க் வெல்டிங் வைத்து நிரப்புவதை நான் உறுதியாக மறுக்கிறேன். குரோமின் மேல் நேராக வெல்டிங் வைத்தால் அது பற்றுக்குள் (உருக்கி வைக்கும் உலோகத்துக்குள்) கலந்து உடையும் தன்மையைக் கொடுக்கும், அதிலிருந்து வரும் புகை நுரையீரலுக்கு நஞ்சு. 0.4 சதவீதக் கார்பன் உள்ள எஃகுக்கு முன்சூடு கொடுக்காமல் பற்று வைத்தால் ஓரத்தில் விரிசல் விடும். சுற்றியுள்ள கடினத் தோலும் கெட்டு, மெத்தென்ற வளையம் ஒன்று உருவாகும். அந்த விரிசல் ராடு உடையும் இடமாகவே மாறிவிடும். நல்ல கைப்பழக்கம் உள்ளவர் குரோமை அகற்றிவிட்டு, டிக் வெல்டிங்கில் குறைந்த சூட்டில் சிறு சிறு புள்ளிகளாக நிரப்பி, மேலே மறுபடி குரோம் ஏற்றுவது வேறு வேலை, அது செய்யத் தக்கதே. அதன் மேல் எமரி போட்டு அப்படியே ஓட்டுவதுதான் கூடாது.

நிரப்புவதற்கு நான் விரும்பும் வழி வெள்ளி கலந்த மென்பற்று, அதாவது குறைந்த சூட்டில் உருகும் சால்டர். ஏறக்குறைய மூன்றரை சதவீதம் வெள்ளியும் மீதி வெள்ளீயமும் கொண்ட கம்பி 221 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அந்தச் சூட்டில் ராடின் கடினத்தன்மைக்குப் பெரிய கேடு இல்லை. குரோமில் இந்தப் பற்று ஒட்டாது, பள்ளத்தின் அடியில் தெரியும் சுத்தமான எஃகில்தான் ஒட்டும். அதனால் பள்ளத்தைச் சிறு கிரைண்டர் முனையால் சுரண்டி வெள்ளை எஃகு தெரியச் செய்து, பற்று ஒட்ட உதவும் ஃப்ளக்ஸைத் தடவி, நிரப்பி, ராடின் பரப்போடு சமமாக்க வேண்டும். ஃப்ளக்ஸில் அமிலம் இருப்பதால் சோடா கரைத்த நீரில் கழுவாமல் விட்டால் பற்றைச் சுற்றித் துரு பிடிக்கும். 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப் பிரேசிங் கம்பி வேறு பொருள். அது பற்று உறுதியாக இருந்தாலும் ராடின் தோலை மென்மையாக்கிவிடும். இரண்டு கூறு எபாக்ஸிப் பசையை வைத்து நிரப்புவோரும் உண்டு. வேலை பாதியில் நிற்கக் கூடாது என்ற கட்டாயத்தில் சில வாரம் ஓட்ட அது உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மென்பற்றும்கூடத் தனித்தனிச் சொட்டைகளுக்கே பொருந்தும். நீளக் கோட்டை முழுக்க அதனால் நிரப்பி நிலைத்ததாக நான் பார்த்ததில்லை.

கோடுகளும் துருக்குழிகளும் பரவியிருந்தால் மறுகுரோம்தான் வழி. முறையாகச் செய்யும் பட்டறையில் வேலை இந்த வரிசையில் நடக்கும்: பழைய குரோமை அகற்றுவார்கள், கிரைண்டிங் மெஷினில் எஃகைக் கோடு மறையும் வரை தேய்ப்பார்கள், குரோமிக் அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குரோம் ஏற்றுவார்கள், மறுபடியும் கிரைண்டிங் செய்து சரியான அளவுக்குக் கொண்டுவந்து மெருகேற்றுவார்கள். தொட்டியில் லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலமும் அதில் நூற்றில் ஒரு பங்கு கந்தக அமிலமும் இருக்கும், வெப்பம் 50 முதல் 55 டிகிரி. இந்தப் பழைய முறையில் செலுத்தும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குரோமாகப் படியும், மீதியில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழியாகப் போகும். அந்த ஹைட்ரஜனில் கொஞ்சம் கடின எஃகுக்குள் புகுந்து அதை உடையக்கூடியதாக ஆக்கும். அதற்காகத்தான் குரோம் ஏற்றியதும் 190 முதல் 220 டிகிரி வரை பல மணி நேரம் அடுப்பில் வைக்கும் பழக்கம். எல்லாப் பட்டறைகளும் இதைச் செய்வதில்லை, நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டறையில் இன்னும் சில கேள்விகளைக் கேளுங்கள். குரோமுக்கு முன் எஃகின் விட்டம் எவ்வளவு, குரோமுக்குப் பின் எவ்வளவு என்று மைக்ரோமீட்டர் அளவை மூன்று இடங்களில் எடுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதிலிருந்தே குரோமின் தடிமன் தெரிந்துவிடும். 60 மி.மீ. ராடுக்கு வழக்கமான எஃப்7 அளவு (விட்டத்தில் அனுமதிக்கும் விலகலைச் சொல்லும் தரக்குறி) என்றால் முடிவில் 59.940 முதல் 59.970 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆழமான கோட்டை மறைக்க எஃகை நிறையத் தேய்த்துவிட்டு, மீதியைக் குரோமாலேயே நிரப்புகிறேன் என்றால் சற்று யோசியுங்கள். பக்கத்துக்குக் கால் மி.மீ.க்கு மேல் குரோம் கனத்தால் அது அடியில் பிடிப்பிழந்து உதிரக் கூடும், அந்த அளவுக்கு முதலில் நிக்கல் ஏற்றி அதன்மேல் குரோம் போடுவதே சரி. பரப்பின் சொரசொரப்பு 0.1 முதல் 0.3 மைக்ரான் வரை இருப்பது நல்லது. கண்ணாடியாக மின்ன வேண்டும் என்று மெருகை மீறிப் போட்டாலும் கெடுதல்தான், சீல் உதட்டுக்கு அடியில் எண்ணெய்ப் படலம் நிற்காமல் சீல் வறண்டு தேயும். கழிவுநீரை எங்கே விடுகிறார்கள் என்றும் பாருங்கள். குரோமிக் அமிலத்தில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு குரோமியம் ட்ரையாக்சைடைச் சிறப்பு அனுமதி இல்லாமல் பயன்படுத்த முடியாதபடி செய்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். விலை குறைவு என்பதற்காகத் திறந்த வாய்க்காலில் கழிவை விடும் இடத்தில் ராடைக் கொடுக்காதீர்கள்.

லேசர் கிளாடிங், அதிவேக அனல் தெளிப்பு, இயந்திரத்திலேயே வைத்துச் செய்யும் பிரஷ் பிளேட்டிங் ஆகிய பூச்சு முறைகளும் உண்டு. சுரங்கங்களில் ஓடும் பெரிய எக்ஸ்கவேட்டரின் ராடு என்றால் இவற்றை யோசிக்கலாம். 60 மி.மீ. பொக்லைன் ராடுக்கு இவற்றின் செலவு கட்டாது.

புது ராடு போடுவது பற்றி மக்களுக்குத் தேவையில்லாத பயம் இருக்கிறது. இந்த அளவுகளில் மின்தூண்டல் முறையில் கடினப்படுத்திக் குரோம் ஏற்றிய தண்டு ஆயத்தமாகவே கிடைக்கிறது. நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையில் பிஸ்டனுக்கான மரையைக் கடைந்து, மறுமுனையில் பழைய கண்ணையோ புதுக் கண்ணையோ வெல்டிங் வைப்பார்கள். வாங்கும்போது 'மின்தூண்டல் செய்ததா' என்று கேளுங்கள், முடிந்தால் வெட்டிய முகத்தை அமிலம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்; கடினத் தோல் தனி வளையமாக நிறம் மாறித் தெரியும். கண் வைக்கும் வெல்டிங்கில்தான் கவனம் தேவை: 200 டிகிரிக்கு மேல் முன்சூடு, காய்ந்த கம்பி, முடிந்ததும் காற்றில் வீசி ஆற்றாமல் மணலிலோ கண்ணாடியிழைப் போர்வையிலோ மெல்ல ஆறவிடுவது. அவசரத்தில் தண்ணீர் ஊற்றி ஆற்றிய கண், பளு தூக்கும்போது கழன்று வந்துவிடும். பிஸ்டன் நட்டைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசையில் இறுக்கி, பூட்டும் ஸ்குரூவையும் போட வேண்டும். அந்த நட்டு உள்ளே கழன்றால் சிலிண்டர் குழாயும் சேர்ந்து போய்விடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூடவே செய்ய வேண்டியவை உண்டு. கிளாண்டின் புஷ்ஷையும் வியர் ரிங்கையும் அளந்து மாற்றுங்கள். குழாயின் உட்பரப்பை விளக்கு வைத்துப் பாருங்கள். ராடில் கோடு போட்ட துகள் அங்கேயும் போட்டிருக்கலாம். எண்ணெய் டேங்குக்குத் திரும்பும் வழியில் உள்ள ரிட்டர்ன் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளுக்குள் பித்தளை மின்னுகிறதா, இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டுகிறதா என்று சோதியுங்கள். பித்தளையோ வெண்கலமோ மின்னினால் பம்பையோ ஏதாவதொரு புஷ்ஷையோ சந்தேகப்பட வேண்டும், அந்த நிலையில் ராடு மட்டும் புதிதாகப் போட்டுப் பயன் இல்லை. கண்களில் மாட்டும் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் ராடு பக்கவாட்டில் இழுபட்டு மறுபடியும் ஒரே பக்கம் உரசும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் செய்வது இது. சிலிண்டரை இறக்கி முதலில் ராடின் வளைவையும் புஷ்ஷையும் அளப்பேன். ராடு நேராக இருந்து, கோடுகளில் நகம் தடுக்காவிட்டால், சொட்டையைக் கல்லால் சீர்செய்து, புஷ், வியர் ரிங், முழுக் கிட் மாற்றி ஓட்டுவேன். நேராக இருந்தும் கோடு ஆழமாக இருந்தால், மறுகுரோமுக்கும் புது ராடுக்கும் விலை கேட்பேன். போக்குவரத்தும் இயந்திரம் நிற்கும் நாட்களும் சேர்த்து மறுகுரோம் செலவு புது ராடின் விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் புது ராடு. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைந்திருந்தால் யோசிக்காமல் புது ராடு. இந்த மூன்றில் இரண்டு பங்கு என்பது என் அனுபவக் கணக்கு மட்டுமே. அடிக்கடி சொட்டை விழும் குவாரி என்றால், இன்னும் குறைந்த விகிதத்திலேயே நான் புது ராடுக்குப் போய்விடுவேன்.

இனி ராடைக் காப்பது பற்றி. வேலை முடிந்து பின்கையை மடக்கி நிறுத்தும்போது பின்கை, பக்கெட் சிலிண்டர்களின் ராடுகள் வெளியே நீண்டு நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் வேலையில்லாமல் வாரக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால், கையை நீட்டிப் பக்கெட்டை விரித்துத் தரையில் வைத்து அவ்விரண்டு ராடுகளையும் உள்ளே இழுத்து நிறுத்துங்கள். வெளியே தெரியும் பகுதியில் கிரீஸைத் தடவி, மறுபடி இயக்கும் முன் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் இயக்கினால் அதில் ஒட்டிய மண் வைப்பருக்குள் போகும். இயந்திரத்தில் வெல்டிங் செய்யும்போது ராடுகளை ஈரச் சாக்கால் மூடி, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் பாகத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். ராடைச் சுற்றிச் சங்கிலி போட்டு எதையும் இழுக்க விடாதீர்கள்.

ராடின் விட்டம் மூன்று இடங்களில், டயல் கேஜ் காட்டிய ஆட்டம், கோடு தொடங்கும் இடம் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம், புஷ்ஷின் உள்விட்டம் ஆகிய நான்கு அளவுகளையும் எடுத்து இங்கேயே எழுதுங்கள். ஃபில்டரைத் திறந்து பார்த்ததையும் சேர்த்துச் சொன்னால், மறுகுரோமா புது ராடா என்று இன்னும் துல்லியமாகச் சொல்கிறேன்.